சந்தாவை நிறுத்தியவர்கள்

டோஸ்ட்மாஸ்டர்ஸ் என்ற பேச்சுப் பயிற்சி அமைப்பை விட்டு வெளியே வந்தவர் யாராவது உங்களுக்குத் தெரிந்தவராக இருந்தால், ஒரு காபி வாங்கிக் கொடுத்துப் பேச்சைத் தொடங்கிப் பாருங்கள். முதலில் புகழ்ச்சிதான் வரும். மேடை நடுக்கம் போனது அங்கேதான், கிளையன்ட் முன்னால் வாய் திறந்து பேச வந்தது அதனால்தான், இன்றைக்கும் நெருக்கமாக இருக்கும் நண்பர்கள் அந்த கிளப்பில் கிடைத்தவர்கள்தான் என்பார். காபி பாதி குறைந்ததும் குரல் மாறும். "ஆனா ஒண்ணு சொல்றேன், உங்களோட இருக்கட்டும்" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு வருவதை, அவர் உள்ளே இருந்த காலத்தில் எந்தக் கூட்டத்திலும் சொல்லியிருக்க மாட்டார்.

எனக்கு வேடிக்கையாகப் படுவது இந்த இடம்தான். ஒருவர் பேசியதை இன்னொருவர் எழுந்து நின்று, முகத்துக்கு நேராக, மூன்று நிமிடத்துக்குள் எடைபோட்டுச் சொல்லப் பழக்குகிற அமைப்பு அது. வருடக்கணக்கில் அங்கே பழகியவர்கள் அந்த அமைப்பையே எடைபோட வேண்டும் என்றால் மட்டும், வெளியே வந்து காபிக் கடையில் குரலைத் தாழ்த்த வேண்டியிருக்கிறது.

நானும் முன்னாள் உறுப்பினர்தான். கோபித்துக்கொண்டு வரவில்லை. வேலை மாறியது, ஓ.எம்.ஆரிலிருந்து போரூர்ப் பக்கம் போனேன், சந்தா காலாவதியானது, அவ்வளவுதான். எனக்கென்று தீர்க்க வேண்டிய கணக்கு எதுவும் அங்கே இல்லை. கணக்கு வைத்திருப்பவர்களின் பேச்சைக் கேட்டுக் கேட்டுச் சேர்ந்த யோசனைகள்தான் இவை.

தெரியாதவர்களுக்கு இரண்டு வரி. 1924 அக்டோபரில், கலிஃபோர்னியாவின் சான்டா ஆனா ஊரில், ஒய்.எம்.சி.ஏ. கட்டடத்தின் கீழ்த்தளத்தில் ரால்ஃப் ஸ்மெட்லி என்பவர் ஒரு பேச்சுப் பயிற்சி கிளப் தொடங்கினார். அது இன்று 140-க்கும் மேற்பட்ட நாடுகளில் இருக்கிறது. நம் பக்கத்தில் ஐ.டி. கம்பெனிகளின் ட்ரெய்னிங் ரூம்களில் வேர்விட்டு, பிறகு ஞாயிற்றுக்கிழமை காலி வகுப்பறைகளுக்கும் வாடகை ஹால்களுக்கும் பரவியது. தமிழிலேயே நடக்கும் கிளப்களும் உண்டு. ஒரு காலத்தில் சென்னையும் கொழும்பும் 82 என்ற எண்ணுள்ள ஒரே டிஸ்ட்ரிக்டில், அதாவது கிளப்கள் பல சேர்ந்த ஒரே வட்டாரப் பிரிவில், இருந்தன. 2014-ல் கோலாலம்பூரில் உலகப் பேச்சுப் போட்டியை வென்ற இலங்கைக்காரர் தனஞ்சய ஹெட்டியாராச்சி அந்த 82-லிருந்து போனவர்தான்.

கூட்டம் எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் விஷயம் அதற்குள்தான் இருக்கிறது. முன்வரிசையில் டைமர் உட்கார்ந்திருப்பார். ஐந்திலிருந்து ஏழு நிமிடம் பேச வேண்டிய பேச்சென்றால், ஐந்தாவது நிமிடத்தில் பச்சை அட்டை, ஆறாவதில் மஞ்சள், ஏழாவதில் சிவப்பு. போட்டியாக இருந்தால் ஏழரை நிமிடத்தைத் தாண்டியவருக்குத் தகுதி போய்விடும். மைக்கைக் கையில் கொடுத்தால் சாப்பாட்டு நேரம் வரைக்கும் விடாத நம்முடைய மேடைகளைப் பார்த்து வளர்ந்தவனுக்கு, அந்தச் சிவப்பு அட்டையைக் கண்டதும் வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. இன்னொரு பக்கம் 'ஆ கவுண்டர்' என்று ஒருவர். "வந்து", "ஸோ", "ஆக்சுவலா", அப்புறம் இழுத்து விடுகிற "ம்ம்ம்", எல்லாவற்றையும் கோடு போட்டு எண்ணிக்கொண்டிருப்பார். கடைசியில் பெயர் சொல்லி எண்ணிக்கையைப் படிப்பார். சிரிப்பும் வெட்கமுமாகக் கேட்டுக்கொள்வோம். திருத்தம் வாங்குவது அங்கே அவ்வளவு சாதாரணம்.

பேச்சை எடைபோட்டுச் சொல்ல எவாலுவேட்டர் எழுவார். அவருக்கு ஒரு வாய்ப்பாடு உண்டு: முதலில் பாராட்டு, நடுவில் ஆலோசனை, கடைசியில் மறுபடி பாராட்டு. சாண்ட்விச் என்பார்கள். புதிதாக வந்து கால் நடுங்கிக்கொண்டிருப்பவருக்கு இதைவிட நல்ல ஏற்பாடு கிடையாது. ஆனால் சில வருடம் ஆனதும் அந்தப் பழக்கம் நாக்கிலேயே ஊறிவிடுகிறது. கிளப்பின் கணக்கில் ஓட்டை இருக்கிறது, தேர்தல் ஒரே குழுவுக்குள் சுற்றுகிறது என்பதைக்கூட இரண்டு பாராட்டுக்கு நடுவே வைத்துத்தான் சொல்ல வருகிறது. கேட்பவருக்கு ரொட்டி மட்டும்தான் ருசிக்கிறது. ஒரு பேச்சாளரின் கையசைவைத் திருத்த உருவான வாய்ப்பாட்டை வைத்து ஒரு நிர்வாகத்தைத் திருத்த முடியாது என்பது என் அபிப்பிராயம்.

சரி, போனவர்கள் அப்படி என்னதான் சொல்கிறார்கள்?

அதிகம் காதில் விழுவது எண்ணிக்கை பற்றிய புகார். இந்த அமைப்புக்கு ஆண்டு என்பது ஜூலை 1-ல் தொடங்கி ஜூன் 30-ல் முடிகிறது. அதற்குள் ஒவ்வொரு கிளப்புக்கும் பத்து இலக்குகள்: இத்தனை பேர் பாடத்திட்டத்தில் இந்தப் படியை முடிக்க வேண்டும், இத்தனை புது ஆள் சேர வேண்டும், பொறுப்பாளர்கள் பயிற்சிக்குப் போக வேண்டும், சந்தா நேரத்தில் கட்ட வேண்டும். ஐந்தைத் தொட்டால் 'டிஸ்டிங்கிஷ்டு' கிளப், ஏழுக்கு 'செலக்ட்', ஒன்பதுக்கு 'பிரெசிடென்ட்ஸ்'. இதெல்லாம் கணக்கில் ஏற, ஆண்டு முடிவில் கிளப்பில் 20 உறுப்பினர் இருக்க வேண்டும்; கீழ்ப்படிகளுக்கு மட்டும், தொடக்கத்தில் இருந்ததைவிடச் சிலர் கூடியிருந்தாலும் போதும். கிளப்புக்கு மேலே ஏரியா, அதற்கு மேலே டிவிஷன், அதற்கும் மேலே டிஸ்ட்ரிக்ட். டிஸ்ட்ரிக்டின் பெருமை அதற்குள் எத்தனை கிளப் இருக்கிறது, எத்தனை பேர் சந்தா கட்டினார்கள் என்பதைப் பொறுத்தது. புது கிளப்களை வளர்ப்பதற்கென்றே 'கிளப் குரோத் டைரக்டர்' என்று ஒரு பதவி உண்டு.

இவர்கள் யாருக்கும் சம்பளம் கிடையாது. அமெரிக்காவில் கொலராடோ மாநிலத்தின் இங்கிள்வுட்டில் தலைமையகம் இருக்கிறது, அங்கே சம்பள ஊழியர்கள் உண்டு. கிளப் தலைவர் முதல் டிஸ்ட்ரிக்ட் டைரக்டர் வரை மற்ற எல்லாரும் ஆபீஸ் முடிந்த நேரத்தில் வேலை பார்ப்பவர்கள். சம்பளம் இல்லாத இடத்தில் மனிதருக்குக் கிடைக்கக்கூடிய கூலி பெயரும் ரிப்பனும்தான். அந்தக் கூலி எண்ணிக்கையோடு கட்டப்பட்டிருப்பதால், ஜூன் மாதம் வந்தால் போன்கள் பறக்கின்றன. "இன்னும் ரெண்டு பேர் சேர்த்துட்டா ஆச்சு." அந்த இரண்டு பேர் யார், அவர்களுக்குப் பேச ஆசை இருக்கிறதா என்பது அப்புறம். பெயர் மட்டும் பட்டியலில் இருக்கும், சந்தாவை வேறு யாரோ கட்டியிருப்பார்கள், கூட்டத்தில் முகத்தைப் பார்த்தவர் இல்லை. அப்படிப்பட்ட உறுப்பினர்களைப் பற்றி, பிரிந்து வந்தவர்கள் பல ஊர்களில் பேசுகிறார்கள். எல்லா கிளப்பிலும் நடக்கிறது என்று அவர்களும் சொல்லவில்லை. ஆனால் அந்த அமைப்பு தன் அடிப்படை விழுமியங்கள் என்று அறிவித்திருக்கும் நான்கில் முதலாவது நேர்மை. அதனால்தான் இந்தப் புகாரைச் சொல்லும்போது அவர்கள் குரலில் கோபத்தைவிட வருத்தம் அதிகமாக இருக்கிறது.

எண்ணிக்கை வெறும் தற்பெருமை இல்லை என்பதையும் சொல்ல வேண்டும். குறைந்தது எட்டுப் பேர் சந்தா கட்டினால்தான் ஒரு கிளப் நல்ல நிலையில் இருப்பதாகக் கணக்கு. எட்டுப் பேர் கிளப்பில் ஒரு கூட்டத்துக்கு ஐந்து பேர் வந்தால் பெரிது. டைமர், ஆ கவுண்டர், எவாலுவேட்டர் எல்லாம் ஒருவரே. பேசுபவருக்குக் கேட்க ஆள் இல்லை. அதனால் ஆள் சேருங்கள் என்று மேலிடம் நெருக்குவதில் நியாயம் இருக்கிறது. பிரச்சினை நெருக்குகிற மாதத்தில் இருக்கிறது. செப்டம்பரில் ஆள் சேர்த்தால் கிளப்புக்கு நல்லது, ஜூன் 28-ல் சேர்த்தால் அறிக்கைக்கு நல்லது.

இரண்டாவது புகார் உழைப்பு பற்றியது. ஒவ்வொரு கிளப்புக்கும் ஏழு பொறுப்பாளர்கள் வேண்டும்: தலைவர், மூன்று துணைத் தலைவர்கள், செயலாளர், பொருளாளர், ஹாலைத் திறந்து நாற்காலி போடும் சார்ஜன்ட் அட் ஆர்ம்ஸ். பதினைந்து பேர் உள்ள கிளப்பில் பாதிப் பேர் நிர்வாகிகள். இரண்டாவது ஆண்டில் நீங்கள் தப்பிக்க முடியாது. சேரும்போதே ஏற்றுக்கொள்ளும் உறுதிமொழியில், அழைத்தால் கிளப்பின் பொறுப்பாளராகப் பணியாற்றுவேன் என்று ஒரு வரி இருக்கிறது. பேசக் கற்றுக்கொள்ள வந்தவர் எக்ஸெல் ஷீட்டில் யார் எந்தப் படி முடித்தார் என்று துரத்திக்கொண்டிருப்பார். நன்றாகச் செய்தால் தண்டனையாக ஏரியா டைரக்டர் பதவி வரும். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருக்க மாட்டார். வீட்டில் ஒரு நாள் கேள்வி வரும், அன்றோடு நிற்கும். இப்படி நின்றவர்கள்தான் அதிகம் தெரிந்தவர்கள். எது எப்படி ஓடுகிறது, எங்கே இடிக்கிறது என்று உள்ளும் புறமும் பார்த்தவர்கள்.

இவர்கள் உள்ளே இருக்கும்போதே ஏன் சொல்லவில்லை என்று கேட்கலாம். சொன்னவர்களும் உண்டு. அதற்குக் கிடைக்கும் பதில் ஒன்றுதான், அது டோஸ்ட்மாஸ்டர்ஸுக்கு மட்டும் சொந்தமானதில்லை. நான் முன்பு குடியிருந்த ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பின் ஆண்டுப் பொதுக்குழுவில் அதைக் கண்ணால் பார்த்தேன். மொட்டை மாடி, பிளாஸ்டிக் நாற்காலிகள். ஓய்வுபெற்ற ஒரு பெரியவர் வரவு செலவு நகலில் தண்ணி லாரிச் செலவைப் பென்சிலால் வட்டம் போட்டுக் கொண்டுவந்திருந்தார். மே மாதம் காட்டிய அதே தொகை மழை கொட்டிய நவம்பரிலும் எப்படி வந்தது என்று கேட்டார். செயலாளர் கோபப்படவே இல்லை. கையைக் கூப்பினார். "சார், நாங்க அஞ்சு பேரும் இதுக்குச் சம்பளமா வாங்கறோம்? ராத்திரி பதினோரு மணிக்கு மோட்டார் நின்னா நான்தான் ஓடறேன். சாவியை இப்பவே தரேன், நீங்களே எடுத்து நடத்துங்க சார்." கைதட்டல். பெரியவர் தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அப்புறம் சமோசா வந்தது.

செயலாளர் சொன்னது பொய்யில்லை. அவர் ராத்திரி பதினோரு மணிக்கு ஓடியவர்தான். ஆனால் நவம்பர் தொகைக்கு அது பதில் இல்லை. தன்னார்வத்தில் ஓடும் சங்கங்களில் கேள்வி கேட்பவருக்கு உடனே வேலை கொடுத்துவிடுகிறார்கள். அவருக்கு அந்த வேலை வேண்டாம், அல்லது உடம்புக்கு முடியாது, அல்லது கணக்குப் பார்க்கத் தெரியுமே தவிர மோட்டார் ஓட்டத் தெரியாது. வேலையை மறுத்த மறு நிமிடம் கேள்விக்கும் மதிப்புப் போய்விடுகிறது. சம்பளம் வாங்குபவரைக் குறை சொல்வது சுலபம், காசு வாங்குகிறாயே என்று கேட்டுவிடலாம். இலவசமாக உழைப்பவரைக் குறை சொன்னால் நன்றி கெட்டவன் என்ற பெயர் மிஞ்சும். அதற்குப் பயந்தே பாதிப் பேர் வாயை மூடிக்கொள்கிறார்கள்.

மூடிய வாயோடு போவதற்கு அமைப்பே வசதி செய்து வைத்திருக்கிறது. ஏப்ரலிலும் அக்டோபரிலும் சந்தா புதுப்பிக்க வேண்டும், ஆறு மாதத்துக்கு 60 டாலர். 2023 அக்டோபருக்கு முன்பு 45 ஆக இருந்தது. நம் பணத்தில் வருடத்துக்கு ஏறக்குறைய 10,000 ரூபாய், அதற்கு மேல் ஹால் வாடகை. விலக வேண்டும் என்றால் கடிதம் எழுத வேண்டாம், காரணம் சொல்ல வேண்டாம், கட்டாமல் இருந்தால் போதும். தேதி தாண்டியதும் பெயர் தானாக விழுந்துவிடும். இது நாகரிகமான ஏற்பாடுதான், யாரையும் பிடித்து வைப்பதில்லை. ஆனால் வெறுத்துப் போனவரும், வெளிநாடு போனவரும், என்னைப் போல் போரூர் போனவரும் அந்தப் பட்டியலில் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள்.

கொரோனாவுக்கு முன்பு 3,50,000-ஐத் தாண்டியிருந்த உலக உறுப்பினர் எண்ணிக்கை, 2023 வாக்கில் 2,70,000 அளவுக்கு இறங்கியது. ஆபீஸ்கள் மூடியதும், கூட்டங்கள் ஜூமுக்குப் போனதும் முக்கியமான காரணங்கள். ட்ரெய்னிங் ரூமே இல்லாதபோது ட்ரெய்னிங் ரூம் கிளப் எங்கே இருக்கும்? ஆனால் பிரிந்தவர்கள் இதோடு இன்னொன்றையும் சேர்ப்பார்கள்: பாத்வேஸ். 2017-ல் அறிமுகமாகத் தொடங்கிய புதுப் பாடத்திட்டம் அது. பத்துப் பேச்சுகள் கொண்ட பழைய கையேடு 2020 ஜூனோடு முடிவுக்கு வந்தது. பழைய ஆட்களிடம் அந்தக் கையேட்டைப் பற்றிக் கேட்டால், கல்யாண ஆல்பத்தைப் புரட்டுவதுபோல் பேசுவார்கள். புதியதில் எல்லாம் இணையத்தில், பாதைகள் பல, படிகள் ஐந்து. பழகவில்லை, பிடிக்கவில்லை, போய்விட்டார்கள்.

இங்கே நான் பிரிந்தவர்கள் பக்கம் முழுதாக இல்லை. புதிதாக வருகிற இருபத்திரண்டு வயதுக்காரர்கள் பாத்வேஸை அலட்டிக்கொள்ளாமல் செய்துவிட்டுப் போகிறார்கள். எந்தச் சங்கத்திலும் பழைய உறுப்பினரின் புகாரில் பாதி, தான் இளமையாக இருந்த காலத்தைப் பற்றியது. டிஸ்ட்ரிக்ட் தேர்தலில் தோற்ற மறு வருடம் அமைப்பின் ஊழல்களைக் கண்டுபிடித்தவர்களும் இருக்கிறார்கள். பெயருக்கு முன்னால் 'டிஎம்' (டோஸ்ட்மாஸ்டர்), பின்னால் 'டிடிஎம்' (டிஸ்டிங்கிஷ்டு டோஸ்ட்மாஸ்டர்) என்று பட்டம் போட்டுக்கொள்வதைக் கேலி செய்பவர்களில் சிலர், அந்தப் பட்டத்தை இன்னும் லிங்க்ட்இன் பக்கத்திலிருந்து எடுக்கவில்லை. இதையெல்லாம் கழித்துவிட்டுத்தான் கேட்க வேண்டும். கழித்த பிறகும் நிறைய மிஞ்சுகிறது.

உள்ளிருந்து சொன்னால் மாறவே மாறாது என்றும் சொல்ல முடியாது. இந்த அமைப்பிலேயே அதற்கு ஒரு கதை இருக்கிறது. தொடங்கி நாற்பத்தொன்பது வருடம், 1973 வரைக்கும், பெண்களுக்கு அங்கே உறுப்பினராக இடமில்லை. 1970-ல் ஹெலன் பிளான்சார்ட் என்ற பெண் 'ஹோமர் பிளான்சார்ட்' என்று ஆண் பெயரில் பதிவாகிச் சேர்ந்தார். கிளப்பில் உள்ளவர்களுக்கு அது தெரியும், தெரிந்துதான் சேர்த்துக்கொண்டார்கள். விதி மாறிய பிறகு சொந்தப் பெயருக்கு வந்தார். 1985-ல் அதே அமைப்பின் முதல் பெண் சர்வதேசத் தலைவரானார். இன்று இந்தக் கதையை அவர்கள் பெருமையாகச் சொல்கிறார்கள், சொல்லட்டும். எனக்கு அதில் அந்த கிளப்காரர்கள்தான் பிடித்தம். மேலிடத்து விதி தப்பு என்று அவர்களுக்குத் தோன்றியது, பட்டியலில் ஒரு பெயரை மாற்றி எழுதினார்கள். கூட்டத்துக்கே வராத ஆளைப் பட்டியலில் எழுதுவதற்கும், வருகிற ஆளை வேறு பெயரில் எழுதுவதற்கும் உள்ள வித்தியாசத்தை ஜூன் மாத டிஸ்ட்ரிக்ட் கூட்டத்தில் யாராவது பேச்சுக்குத் தலைப்பாக எடுக்கலாம்.

அந்த மூன்று வருடமும் ஹெலனைத் தவிர வேறு எத்தனை பெண்கள் வாசலோடு திரும்பியிருப்பார்கள் என்பதற்குப் பட்டியல் கிடையாது. போனவர்களும் வராதவர்களும் எந்தச் சங்கத்தின் வரலாற்றிலும் ஏறுவதில்லை. நூற்றாண்டு மலர் எழுதுபவர் உள்ளே இருப்பவர்தானே.

கிளப்பில் சேருபவரின் முதல் பேச்சுக்கு 'ஐஸ் பிரேக்கர்' என்று பெயர். நான்கிலிருந்து ஆறு நிமிடம், தன்னைப் பற்றிப் பேச வேண்டும். வருவதற்கு ஒரு பேச்சு இருக்கிறது, போவதற்கு இல்லை. சந்தாவை நிறுத்தியவரைக் கூப்பிட்டு, மேடையில்கூட வேண்டாம், போனில் மூன்று கேள்வி கேட்கலாமே என்று, இன்னும் உள்ளே இருக்கும் ஒரு தோழியிடம் சொன்னேன். எதற்காகச் சேர்ந்தீர்கள், அது கிடைத்ததா, எந்த மாதத்தில் மனசு விட்டுப்போனது. மூன்றாவதுதான் எனக்கு முக்கியம். காரணத்தைக் கேட்டால் நாகரிகமாக "டைம் இல்லை" என்பார்கள். மாதத்தைக் கேட்டால் ஒரு சம்பவம் வந்து விழும்.

அவர் ஏரியா டைரக்டராக இருந்தவர், ஆறு கிளப்பைக் கட்டி மேய்த்த அனுபவம். யோசனையை மறுக்கவில்லை, ஆனால் உடனே நடைமுறைக்கு வந்துவிட்டார். "மார்ச்லயும் செப்டம்பர்லயும் கேட்கக் கூடாது. சந்தாவுக்குத்தான் போன் பண்றோம்னு எடுக்கவே மாட்டாங்க. டிசம்பர்ல கேட்கணும். அதுவும் அதே கிளப் ஆள் கேட்கக் கூடாது, பக்கத்து கிளப்ல இருந்து யாராவது கேட்கட்டும்." எனக்கு இதெல்லாம் தோன்றவில்லை. கிடைத்த பதில்களை என்ன செய்வது என்பதில்தான் இருவருக்கும் ஒத்துவரவில்லை. கிளப் கமிட்டிக்கு மட்டும் கொடுத்தால் போதும் என்கிறார் அவர். கூட்டத்தில் எல்லார் முன்னாலும் படிக்க வேண்டும், டைமர் வைத்து மூன்று நிமிடத்துக்குள் படிக்க வேண்டும் என்கிறேன் நான். பெயரை எடுத்துவிட்டுப் படிக்கலாமே என்று கடைசியில் இறங்கி வந்தார். இருபது பேர் கிளப்பில் பெயரை எடுத்தாலும் யார் என்று எல்லாருக்கும் தெரியும் என்றேன். "அப்போ அவங்ககிட்டயே கேட்டுடுங்க, பேரோட படிக்கலாமான்னு" என்றார். அதை நான்காவது கேள்வியாகச் சேர்த்திருக்கிறோம்.